சேற்றில் கேட்ட குரல்

ஏழு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. ஏழிலும் தோல்வி. அதுகூடப் பரவாயில்லை. 1908ஆம் ஆண்டு முழுவதும் அயோவாவின் அந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

"இன்னைக்குக் கடைசி ஆட்டம்," என்றான் கேப்டன் தோர்வால்ட், முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "ஜெயிக்கறது இருக்கட்டும். ஒரு தடவையாவது அவங்க கோட்டுக்கு அந்தப்பக்கம் இதைக் கொண்டுபோய் வைக்கணும். பூஜ்யத்தோட நான் ஊருக்குப் போகமாட்டேன்."

"ஆமா!" என்று எல்லாரும் கத்தினார்கள். ஐவிண்ட் மட்டும் தலையை ஆட்டினான்.

அணியிலேயே சின்னவன் அவன்தான். பதினான்கு வயது. கல்லூரியை ஒட்டிய பள்ளி வகுப்பில் படித்தான். பெரியவர்கள் பத்துப் பேர்தான் தேறியதால் பதினோராவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நன்றாக ஓடுவான், பேசமாட்டான்.

காரணம் அவன் குரல். ஒரு மாதத்துக்கு முன், தேவாலயத்தில் பாடும்போது அது கீச்சென்று ஏறி, கரகரவென்று இறங்கி, மறுபடி கீச்சிட்டது. சபையே சிரித்தது. அன்று மூடிய வாயை அவன் திறக்கவே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் சேற்றின் நிறமாகிவிட்டார்கள். தோர்வால்டுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல்தான் ஆட முடியும். ஒருமுறை பந்தை எதிரணிக்காரன் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"ரொம்ப நன்றி!" என்று அவன் ஓடியே போய்விட்டான்.

முடிய இரண்டு நிமிடம். இருபத்து மூன்று, பூஜ்யம்.

"தூக்கி எறிஞ்சாதான் உண்டு," என்றான் தோர்வால்ட். "ஆனா யாருக்குடா எறியறது? எல்லாரும் உருளைக்கிழங்கு மூட்டையாத்தான் தெரியறீங்க."

"நான் கூப்பிடறேன்," என்றான் தடியன் குன்னார்.

"நீ கூப்பிட்டா அவனுங்களும் கூப்பிடுவானுங்க. போன தடவை அப்படித்தானே ஏமாந்தேன்?"

ஐவிண்ட் தன் சேற்றுக் கால்களைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்தான்.

"நான்... கூப்பிடறேன்."

முதல் சொல் கூரைக்குப் போனது. இரண்டாவது கிணற்றில் விழுந்தது. குன்னார் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

தோர்வால்டின் முகம் மலர்ந்தது. "அடேய்! இந்தக் குரலை எவனாலயும் திருட முடியாதுடா!"

ஐவிண்ட் ஓரமாக ஓடினான். சுற்றிலும் ஊரே நின்றது. தேவாலயத்தில் அவனைப் பாட வைத்த பாட்டு ஆசிரியரும் குடைக்கடியில் நின்றார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

"இங்க! நான் இங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"யாருப்பா கோழியைத் திறந்து விட்டது?" என்று எதிரணிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஐவிண்ட் இன்னும் உரக்கக் கத்தினான். "இங்க எறிங்க, கேப்டன்!"

மழையைக் கிழித்துக்கொண்டு பந்து நேராக அந்தக் குரலைத் தேடி வந்தது. மார்போடு அணைத்துக்கொண்டான். ஓடினான். யாரோ காலைப் பிடிக்க, வழுக்கிக்கொண்டே போய்க் கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்தான்.

ஐந்து புள்ளிகள்!

அவர்கள் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அன்று மாலை உணவுக்கூடத்தில் தோற்றவர்களைப் போல யாரும் சாப்பிடவில்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தோர்வால்ட் கேட்டான்: "அந்தக் கோடியில யாரு? வெண்ணெயை இப்படித் தள்ளு."

"நான்தான், கேப்டன்," என்றது ஒரு குரல், கீச்சென்று ஏறி, கரகரவென்று இறங்கி.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது ஐவிண்ட்தான்.