எர்த் இல்லாத அறை

பூவராகவன் முதலாளியின் பட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் டிசைன் அறைக்குப் பதினோரு வருடம் கழித்துப் போனேன். காலை பத்து மணி. சுள்ளென்று வெயில். பேய் கீய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. சாமிக்குச் சாத்தும் புடவைக்கும் அங்கேதான் டிசைன் போடுவார்கள். சிமெண்ட் தரையைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். ஈரம் காயவே காயாது.

என் பெயர் டேனியல். ஐயம்பேட்டையில் பவர் சப்ளை ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எந்த மிஷினையும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை மூட வைத்துவிடும், அப்புறம் விடாது. தொழிலில் முதல் பாடமே அதுதான்.

மூலையில் டிசைன் போடும் அந்தப் பழைய கம்ப்யூட்டர், ஒர்க்ஸ்டேஷன், இருந்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை செத்துவிட்டது.

"உசிர் வருமா டேனியல்?" என்றார் முதலாளி. "அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். கிருஷ்ணவேணி போட்ட பார்டர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. அது இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குது."

கிருஷ்ணவேணி. ஓரிக்கையிலிருந்து வந்து இங்கே டிசைன் போட்ட பெண். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் செத்துப்போனாள்.

வேலையில் மனதைத் திருப்பினேன். கடையில் கிடைக்கும் சாதாரண சப்ளைதான் கொண்டுவந்திருந்தேன். முனை பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இந்த மிஷினில் ஒயர்களின் இடம் வேறு. அப்படியே சொருகினால் போர்டு புகைந்துவிடும். மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராக இடம் மாற்றி, நடுவில் போட ஒரு துண்டு கேபிள் கட்டினேன்.

அப்போதுதான் மரிக்கொழுந்து வாசனை வந்தது.

அறையில் பூ எதுவும் இல்லை. கிருஷ்ணவேணி தினமும் மரிக்கொழுந்து வைப்பாள்.

சுவரைப் பார்த்தேன். அதே இரண்டு ஓட்டை சாக்கெட்.

"முதலாளி, எர்த் இல்லாம இதப் போட மாட்டேன்."

அவர் சிரித்தார். "இப்போ வந்துடுச்சாபா ஞானம்? அன்னிக்கு ப்ளக்குல மூணாவது பின்ன ஒடிச்சது யாரு?"

நான்தான். கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் பின் அதுதான். சாக்கெட்டை மாற்ற நேரமில்லை, எப்படியாவது சொருகு என்றார். குறடால் ஒடித்தேன். அன்று கிளம்பும்போது கிருஷ்ணவேணி வாசல் வரை வந்தாள். "பொட்டியத் தொட்டா சுர்ருனு இருக்குதுண்ணா. செருப்பு போட்டுக்கவும் முதலாளி விட மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, சொல்லுங்கண்ணா."

"சொல்றேம்மா" என்றேன்.

சொல்லவில்லை. அவர் முகம் கோணினால் அடுத்த வேலை வராதே என்று பயம். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். மாரடைப்பு என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இந்த முறை விடவில்லை. குழாயடியில் கம்பி இறக்கி, எர்த் இழுத்து, மூன்று ஓட்டை சாக்கெட் மாட்டினேன். புது ப்ளக்கைச் சொருகி, புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். துளி ஷாக் இல்லை. சப்ளையை ஆன் செய்ய அதன் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தேன். ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"சபாஷ்!" என்று முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

திரையில் கட்டம் போட்ட தாள் தானாகத் திறந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு கட்டமாக நிறம் ஏறியது. கீழிருந்து மேலே, நிதானமாக.

"இது நம்ம பார்டர் இல்லியே" என்றார்.

குதிகால். பாதம். விரல்கள்.

இரண்டு வெறுங்கால்கள்.

தரையைப் பார்த்தேன். நாற்காலியடியிலிருந்து ஈரக் காலடி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. என்னைத் தாண்டியது. முதலாளிக்கு எதிரில் நின்றது.

"ஆஃப் பண்ணுடா!"

ப்ளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றியது.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் பெட்டியை நகர்த்தப் போய் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டார். விரல்கள் மூடிக்கொண்டன. உடம்பு விறைத்தது. முடி கருகும் நாற்றம், அதன் மேல் மரிக்கொழுந்து.

ப்ளக் என் கையில்தான் இருந்தது. மூன்று பின்னும் முழுசாக இருந்தன.

அவர் தரையில் விழுந்த பிறகுதான் திரை அணைந்தது.

கரண்டே இல்லாத மிஷினில் ஷாக் அடித்ததென்று யாரிடம் சொல்வது? கடைசியில் மாரடைப்பு என்றுதான் எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கேடுகெட்ட நிம்மதி. கணக்கு தீர்ந்தது, அவளும் போய்விட்டாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ரப்பர் செருப்பைக் காலிலிருந்து கழற்றுவதில்லை. தூங்கும்போதுகூட.

நேற்று கிருஷ்ணவேணியின் புருஷன் ஆனந்தராஜ் கடைக்கு வந்தான். மெலிந்துபோயிருந்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ செத்தப்போ அந்த மிஷின்ல எர்த் இருந்துச்சா?"

உண்மை வாய் வரை வந்தது. குறடு மேஜைமேல் அவன் கண்ணெதிரே கிடந்தது.

"இருந்துச்சுபா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ராத்திரி கடையிலேயே படுத்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தேன். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தேன். சில்லென்று இருந்தது. கடை முழுக்கக் கழுவிவிட்ட ஈரம்.

காலில் செருப்பு இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாழிட்ட கதவுக்கு வெளியே, வாசற்படியில் ஜோடியாக இருந்தது.