பாப்பாவை எழுப்பும் நேரம்

கயானா என்ற பெயரை முத்துராமன் கிரிக்கெட் வர்ணனையில் மட்டும்தான் கேட்டிருந்தார். நீட் மதிப்பெண் காலை வாரிவிட்ட பிறகு, அந்த நாட்டின் தலைநகரமான ஜார்ஜ்டவுனில்தான் மகள் தாரிணிக்கு மருத்துவப் படிப்பு என்று ஆகிப்போனது. அவர்கள் குடியிருக்கும் குவைத் மங்காஃபுக்கும் அந்த ஊருக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். இங்கே வெயில் கொளுத்தும் காலை பதினொன்று என்றால், அங்கே இன்னும் விடியாத நான்கு.

இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்தில் தாரிணி இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்றாவது முறையும் போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஹாஸ்டல் கூச்சலில் படிக்க முடியவில்லை என்று பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டின் மாடியறைக்கு மாறினாள். போய் இறங்கிய அன்றே வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டினாள். மரத்தூண்கள் மேல் நிற்கும் வீடு. தகரக் கூரை. நடந்தால் முனகும் பலகைத் தரை. அறையில் இரண்டு கட்டில்கள். சன்னலோரக் கட்டிலில் இவள் விரிப்பு. சுவரோரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள்.

"அது யாருக்குடி?" என்றாள் அம்மா நளினி.

"யாருக்கும் இல்லம்மா. முன்னாடி இருந்தவங்களோடதாம்."

அன்றிலிருந்து எழுப்பிவிடும் வேலை நளினியின் தலையில் விழுந்தது. தாரிணிக்கு அலாரச் சத்தமெல்லாம் தாலாட்டு. அதனால் ஒரு பழைய டேப்லெட்டை அலமாரியில் சாய்த்துவைத்து, அம்மா கூப்பிட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தாள். பதினொன்று அடித்ததும் நளினி போனைச் சமையலறை மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே கத்துவாள். "பாப்பா! எழுந்திரிடி பாப்பா!" திரையில் வெறும் இருட்டுதான் தெரியும். தொண்டை கிழிய ஐந்தாறு முறை கத்தின பிறகு ஒரு முனகல் வரும்.

"ம்ம்."

அந்த "ம்ம்"தான் நளினிக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். "ம்ம் கொட்டினது போதும், எழுந்து தொலை!" என்று கரண்டியை ஓங்குவாள். கடல் தாண்டி, கண்டம் தாண்டி கரண்டியை ஓங்கி என்ன பிரயோசனம்? அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும்.

ஒருநாள் தாரிணியும் பொரிந்து தள்ளிவிட்டாள். "நான் எப்பம்மா ம்ம்னு சொன்னேன்? நீ மொத தடவை கூப்பிட்டதுமே எழுந்து பாத்ரூம் போயிடறேன். நான் இல்லாத ரூமைப் பார்த்து நீ பாட்டுக்குக் கத்திக்கிட்டிருக்க."

"பொய் சொல்லாதடி. என் காதுல விழுந்துச்சு."

முத்துராமனிடம் சொன்னால், "தூக்கக் கலக்கத்துல உளர்றா, விடு" என்றுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அந்த மனுஷனுக்கு எதுதான் பெரிய விஷயம்?

நாற்பது நாள் இப்படியே ஓடியது.

தேர்வு நாள் வந்தது. நளினி வெண்டைக்காயை வாணலியில் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அங்கே மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம்.

"இன்னைக்குப் பரீட்சைடி பாப்பா! இன்னைக்குமா இப்படி என் உயிரை வாங்கணும்?"

"ம்ம்."

"எழுந்து உட்காருடி! நீ உட்காராம நான் போனை வைக்க மாட்டேன்!"

கட்டில் கிறீச்சிட்டது. இருட்டுக்குள் ஓர் உருவம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. இவளுக்கு முதுகைக் காட்டி, தலைமுடியை விரித்துப் போட்டபடி.

"அப்பாடா! போ, லைட்டைப் போட்டு முகத்தைக் கழுவு."

அது அசையவில்லை.

மின்னல் ஒன்று வெட்டியது. அறை முழுக்க ஒரு நொடி வெளிச்சம்.

சன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது.

உருவம் உட்கார்ந்திருந்தது சுவரோரக் கட்டிலில். சுருட்டிக் கட்டியிருந்த மெத்தை விரிந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் இன்னொரு அழைப்பு வந்தது. மின்ஹா, தாரிணியின் ஹாஸ்டல் தோழி. கை தானாக அதை எடுத்தது.

"ஆன்ட்டி, தாரிணி என் ரூம்லதான் இருக்கா. ரோட்டுல தண்ணி ஏறிடுச்சுன்னு ராத்திரி இங்கயே படுத்துட்டா. நாலு மணிக்கு எழுப்பச் சொன்னா. உலுக்கி உலுக்கிப் பார்க்குறேன், எழுந்திரிக்கவே மாட்டேங்குறா. உடம்பெல்லாம் சில்லுனு இருக்கு ஆன்ட்டி." அழுகையோடு குரல் தாழ்ந்தது. "அந்த மாடியில முன்னாடி இருந்த பொண்ணும் இப்படித்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படுத்தவ, எழுந்திரிக்கவே இல்ல. உங்ககிட்ட சொல்லாதேன்னு தாரிணிதான்..."

"இதைச் சொல்ல இப்பத்தான் வாய் வந்துச்சா உங்களுக்கு?"

முத்துராமனைக் கூப்பிட்டும் பயனில்லை, அவர் வேலை பார்க்கும் ரிஃபைனரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நாற்பது நாளாக அந்த அறையைப் பார்த்து எழுந்திரி, எழுந்திரி என்று கத்தியிருக்கிறாள். ஒரு நாளாவது மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? வெறும் பாப்பா என்றால் எந்தப் பெண்ணும் எழுந்து வரலாமே.

"போனை அவ காதுல வை மின்ஹா."

மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"தாரிணி! முத்துராமன் நளினி பெத்த தாரிணி! எழுந்திரி!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாரிணி!"

மூன்றாவது முறை கத்தியபோது பக்கத்து ஃப்ளாட்டில் கதவு திறந்தது. போனில் ஓர் இருமல். பிறகு, எரிச்சலும் தூக்கமுமாக அவள் மகளின் குரல். "ஏம்மா இப்படிக் கத்துற? காதே போச்சு."

நளினி சமையலறைத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, திட்டிக்கொண்டே அழுதாள். வெண்டைக்காய் கரிந்து புகைந்தது.

தாரிணி தேர்வை நன்றாகவே எழுதினாள். அந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன், டேப்லெட் அங்கேயே கிடக்கட்டும், மின்ஹாவோடேயே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நளினிக்கு அன்றிரவுதான் சோறு இறங்கியது.

மறுநாள் முத்துராமன் டியூட்டிக்குப் போன பிறகு வீட்டில் அவள் மட்டும். பதினொன்று அடித்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி வெயில். வீட்டுக்குள் மழையில் ஊறிய மரத்தின் வாடை அடித்தது.

தாரிணி ஊரைவிட்டுப் போனதிலிருந்து சாத்தியே கிடக்கும் அறைக்குள், அவளுடைய பழைய கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா... இன்னைக்கு ஏன் என்னை எழுப்பல?"