பன்னிரண்டாவது கொளுக்கி

கதவின் கீழ்ப்பாதிக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

தவமணி அதைக் கவனிக்கும்போது மனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். கதவை நடுவில் குறுக்காக வெட்டி இரண்டு பாதியாக்கியிருந்தார்கள். மேல்பாதிக்கு உள்ளே பளபளவென்று புதுப் பூட்டு. கீழ்ப்பாதிக்கோ வெளியே, பெரியவர்களின் இடுப்பு உயரத்தில், வர்ணத்துக்கு அடியில் துரு பொரிந்த ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள். இது ஏன் இப்படி என்று கேட்டாள். பழைய கட்டடம், வெள்ளைக்காரர்களுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும் என்று அவர் சிரித்தார். கூட்டுகிற பொம்பிளை காலையில் வருவாள், ஏதும் தேவையென்றால் அவளிடம் கேட்கலாம் என்றார். சிவப்பு விளக்கு இரண்டு வளைவு வரை தெரிந்தது. பிறகு பனிமூட்டம் அதை விழுங்கிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அறை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், சுடுதண்ணீர்க் குழாய், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் கட்டில். மகள் விதுஷா அதில் ஏறி ஒரு ஆட்டம் குதித்து முடித்தாள். நாளைக்கு அவளுக்கு ஐந்து வயது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவதாகத் தங்கியவள். அவள் தும்மினாலே தவமணி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

யுத்தம் நின்று சமாதானம் வந்த சூட்டோடு, பசறைக்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தோட்டத்தில் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் பொம்மை ரயிலுமாகப் பெரிய உல்லாசப் பூங்கா ஒன்றைத் திறந்திருந்தார்கள். டீவியில் அந்த இராட்டினத்தைக் கண்ட நாளிலிருந்து பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைக் கூடச் சுற்றிச் சுற்றித்தான் வைப்பாள். தகப்பன் ரமேஸ் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் போய்த் தங்குங்கள், ஞாயிறு காலையில் நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான்.

பூங்காவுக்கு வெளியே தங்குமிடம் மூன்றே மூன்று. வாசலை ஒட்டிய பெரிய ஹோட்டலை அவள் ஏறிட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டாவது, வளைவில் இருந்த பாறூக் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு மேலே ஓர் அறை. கக்கூஸ் முற்றத்துக்கு அப்பால். சுவரெல்லாம் எண்ணெய்ப் புகை. பிள்ளை ஏறும்போதே தும்மினாள். மூன்றாவதுதான் இது: கடையிலிருந்து நூறு படி மேலே, சிவப்புத் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். பாறூக்கின் அறையை விடவும் மலிவு. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சந்தேகப்படுவதற்குப் பதிலாக, தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சந்தோசப்பட்டாள். நம் ஆட்களின் புத்தி அப்படித்தானே.

அவள் அங்கே போகப்போகிறாள் என்று கேட்டதும் பாறூக் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார்.

"தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்த எல்லாம் இடிச்சாங்க தங்கச்சி. அத மட்டும் இடிக்க ஒரு ஆளும் வரல்ல," என்றார். பிறகு, தன் மனைவி லரீபாவோடு வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம், காசு ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தார். போட்டிக் கடைக்காரன் பேச்சு என்று தவமணி எடுத்துக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு ரமேஸ் உங்கள் கடைக்குத்தான் போன் எடுப்பார், அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி ஏறினாள்.

இப்போது, குதித்துக் களைத்த பிள்ளை மல்லாந்து கிடந்து மேலே கையை நீட்டி எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். அறையின் நடுவே ஓடிய தடித்த விட்டத்தில், ஒரு முழத்துக்கு ஒன்றாக இரும்புக் கொளுக்கிகள். விட்டத்தோடு சேர்த்து அவற்றுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் வளைவின் அடிப்பக்கம் வர்ணம் தேய்ந்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் இருந்த ஒன்றில் மட்டும் வர்ணம் அப்படியே இருந்தது.

"...பத்து, பதினொண்ணு." பிள்ளை நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டு இருக்கிறதே என்றாள் தவமணி.

"அது காலிம்மா," என்றாள் விதுஷா.

அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. காய்ச்சிய மாப்பால், மூத்திரத் துணி, சவர்க்காரம் மூன்றும் கலந்த ஒரு புளித்த வெதுவெதுப்பு. இருபது வருசத்துக்கு முந்திய வாசனை அது. அரைக்கதவு ஏன், தாழ்ப்பாள் வெளியே ஏன், கொளுக்கி ஏன் என்று எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. இது பிள்ளைக் காம்பரா. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகிற இடம். தவழுகிற பிள்ளை வெளியே வராமலிருக்க அரைக்கதவு. கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கொளுக்கி.

தவமணி மடுல்சீமையில் பிறந்தவள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவோடு இப்படியொரு கதவின் முன்னால் அவளும் நின்றிருக்கிறாள். அம்மா பிள்ளையைக் கதவுக்கு மேலாக நீட்டி, ஒவ்வொரு நாளும் ஒரே சொல்லைத்தான் சொல்வாள்: பாத்துக்கங்க, போயிட்டு வாறேன். ஒரு நாள் அம்மாவுக்கு நேரமாகிவிட, தவமணியே தம்பியை நீட்டி, வச்சிக்கங்க ஆயா என்று சொல்லிவிட்டாள். அம்மா திரும்பி வந்து வாயிலேயே ஒன்று போட்டாள். புள்ளைய யாராச்சும் வச்சிக்கச் சொல்லுவாங்களாடி என்று கேட்டு, தம்பியைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு ஓடினாள். அன்றைக்கு அரைநாள் சம்பளம் வெட்டுப்பட்டது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பிள்ளைக் காம்பராவில் படுப்பதில் என்ன பயம், நான் வளர்ந்த இடம்தானே என்று தவமணி தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். விதுஷாவின் காலுக்குச் சிவப்புக் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டு, அணைத்துப் படுத்தாள். தகரம் குளிரில் சுருங்கி டிக் டிக்கென்றது. அதற்கு ஊடாக, விட்டத்திலிருந்து வேறொரு சத்தம். கிரீச்... கிரீச்... பாரம் ஆடுகிற சத்தம். மரம் என்றால் முனகும்தான் என்று நினைத்துக்கொண்டு போர்வையைத் தலை வரை இழுத்தாள். ஒவ்வொரு கிரீச்சும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. கடைசி மூலையிலிருந்து மட்டும் வரவில்லை. எப்போது உறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விளக்குமாற்றின் சரக் சரக் ஒலிதான் அவளை எழுப்பியது. மணி ஆறாக ஐந்து நிமிசம். ஐயையோ, போன்!

மேல்பாதிக் கதவைத் திறந்தாள். வெளியே ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். வராந்தாவில், கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். மனேஜர் சொன்ன ஆள் வந்துவிட்டாள் என்று தவமணிக்கு நிம்மதியாக இருந்தது.

"புள்ள தூங்குதாம்மா?" என்று நிமிராமலே கேட்டாள் அந்தப் பெண்.

அந்தப் பேச்சு தவமணியின் நெஞ்சை இளக்கிவிட்டது. பதுளையில் துணிக்கடையில் வேலைக்கு நின்று நின்று, ஊர்ப்பேச்சைக் கேட்டு எத்தனை நாள்! பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள்: போன் வரும், பிள்ளையை இந்தக் குளிரில் எழுப்ப மனமில்லை, படியெல்லாம் அட்டைக் கடி. அந்தப் பெண் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். தவமணி கீழ்ப்பாதியையும் திறந்து வெளியே வர, அவள் உள்ளே போனாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்த லாவகத்தைப் பார்த்தால், நூறு பிள்ளை வளர்த்த கை என்று தெரிந்தது.

விதுஷா அரைக்கண்ணைத் திறந்து, பழக்கிவிட்டபடி சொன்னாள்: "போயிட்டு வாங்கம்மா."

தவமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வச்சிக்கவா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

கடையில் பார்சலை நீட்டும்போது, மிச்சக் காசைக் கொடுக்கும்போது, ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிற சொல். நரம்பில்லாத நாக்கு. அது தானாகவே சொன்னது.

"ம், வச்சிக்கங்க."

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவள் படியிறங்கி ஓடினாள்.

ரமேஸ் பண்டாரவளையில் இருந்தான். எட்டு மணிக்கு வந்துவிடுவானாம், மகளுக்குப் பெரிய பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறானாம். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். லரீபா பிள்ளைக்கென்று ஒரு போத்தலில் பால் ஊற்றிக் கொடுத்தாள். அதை மாராப்புக்குள் வைத்துச் சூடு ஆறாமல் காத்தபடி படியேறினாள்.

பாதி தூரத்தில், மூட்டத்துக்குள் முன்னால் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் விளக்குமாறு.

"மேல தங்கியிருக்கிற அம்மாவா? நான் ரெங்கம்மா, கூட்டுற ஆளு. பஸ்ஸு பிந்திருச்சுங்க. இப்பதான் வாறேன்."

தவமணிக்கு முதலில் விளங்கவில்லை. அப்படியானால் மேலே கூட்டிக்கொண்டிருந்தது யார் என்று கேட்டாள். மேலே வேறு யாரும் இல்லையே, நான் ஒருத்திதானே என்றாள் ரெங்கம்மா. சொல்லும்போதே அவள் முகம் மாறியது. பால் போத்தலைப் பார்த்தாள். தவமணியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"புள்ளைய என்னா சொல்லிக் குடுத்தீங்க? பாத்துக்கங்கன்னு தானே சொன்னீங்க?"

தவமணி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் இன்னும் நாக்கிலேயே கிடந்தது. அம்மாவின் அடி இருபது வருசம் கழித்து இப்போது உதட்டில் எரிந்தது.

ரெங்கம்மா பிடித்த கையை விட்டுவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். அதற்கு மேல் ஒரு படி ஏறவில்லை.

தவமணி ஓடினாள். போத்தல் எங்கோ விழுந்து உடைந்தது. செருப்பு ஒன்று போனது. படி. படி. படி. சிவப்புத் தகரம் மூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்தது.

வராந்தாவை யாரும் கூட்டியே இருக்கவில்லை. நேற்றைய சருகு அப்படியே கிடந்தது. சுவரில் விளக்குமாறு இல்லை.

மேல்பாதிக் கதவு திறந்திருந்தது. கீழ்ப்பாதி தாழிட்டிருந்தது, வெளியே. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

அதை இழுத்தாள். உள்ளே போனாள்.

கட்டில். கலைந்த போர்வை. தொட்டாள், இன்னும் சூடு. கட்டிலுக்கு அடியில் வெறுந்தரை. குளியலறை காய்ந்து கிடந்தது. ஜன்னலில் கம்பி.

வாசல் ஓரத்தில் சிவப்புக் காலுறைகள் இரண்டும் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"விதுஷா."

பால் வாசனை.

கிரீச்.

கன்னத்தில் ஏதோ விழுந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். வெள்ளை வர்ணத்தின் ஒரு பொருக்கு. இன்னொன்று விழுந்தது. நிமிர மனமில்லை. ஆனாலும் நிமிர்ந்தாள்.

எதுவும் தொங்கவில்லை. விட்டமும் கொளுக்கிகளும் மட்டும்தான். பதினொன்று அசையாமல் இருந்தன. பன்னிரண்டாவது ஆடிக்கொண்டிருந்தது.

"அவ என் புள்ள," என்றாள் தவமணி. குரல் கிழிந்து வந்தது. "எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கேன். குடுத்துருங்க."

"வச்சிக்கச் சொன்னீங்களேம்மா."

காதருகில்தான் கேட்டது. கோபமே இல்லை. மறந்துபோனவளுக்கு ஞாபகப்படுத்துகிற குரல், அவ்வளவுதான்.

மகளின் பெயரைச் சொல்லி இன்னும் ஒருமுறை கத்தினாள். ஆட்டம் கொஞ்சம் நின்றது. மேலேயிருந்து, நல்ல தூக்கத்தில் புரண்டு படுக்கும் பிள்ளையின் குரல் வந்தது.

"போங்கம்மா."

‘போயிட்டு வாங்க’ என்பதில் மிச்சமிருந்த அந்த ‘வாங்க’வுக்காகத் தவமணி காத்து நின்றாள். அது வரவில்லை. கிரீச் சத்தம் மீண்டும் தொடங்கியது. பன்னிரண்டாவது கொளுக்கியின் வளைவிலிருந்து வெள்ளை வர்ணம் தேய்ந்து, பொருக்குப் பொருக்காக அவள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.