காயாத சந்தனம்

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுப்பாரில்லை!

விஜயதசமிக் காலை. கணபதி பகுதியில் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்குள், மறுபூஜைக்கான பூக்கூடையுடன் நுழைந்தாள் சண்முகப்ரியா. வாழைக்கன்று கட்டிய மெஷின்கள், முந்தின நாள் ஆயுத பூஜையின் பொட்டோடு உறங்கிக்கொண்டிருந்தன.

ஓசை வந்த திசையில் நடந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் ஓரம்... ஒரு வெள்ளை வேட்டி... குப்புற...

மேனேஜர் நாச்சிமுத்து!

பின்மண்டை பிளந்திருந்தது. தன் எஜமானர் இன்னமும் உயிரோடிருப்பதாக நம்பி, சட்டைப் பையிலிருந்த செல்போன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

அடுத்து அலறியவள் சண்முகப்ரியா.

இன்ஸ்பெக்டர் ஃபர்சானா வந்தார். சடலத்தைப் பார்த்தார். பிறகு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருந்த ஆயுதங்களைப் பார்த்தார். சுத்தியல், ஸ்பேனர், பைப் ரென்ச்... எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம்.

ஒரு பைப் ரென்ச்சின் பற்களுக்கு நடுவே மட்டும்...

ரத்தம்!

கைப்பிடியில் பெயர் குத்தியிருந்தது. சண்முகப்ரியா.

"ஏனுங்க, இது உங்களுதா?"

"என்னுதுதானுங்க மேடம்..."

"நேத்து மேனேஜர்கூட சண்டையாமே?"

"சண்டை இல்லீங்க. இந்த வாட்டியாவது சூப்பர்வைசர் போஸ்டு எனக்கு வருமான்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு?"

"சிரிச்சாருங்க. 'அம்மணி, நீ வேலையை நல்லா செய்யறே. அதனாலதான் உன்னை அந்த எடத்தை உட்டு எடுக்க முடியறதில்லை'ன்னாரு."

ஃபர்சானாவின் உதடு கோணியது.

"எங்க டிபார்ட்மெண்ட்லயும் இதே டயலாக்தானுங்க. சரி... அப்புறம்?"

"அப்புறம் சாபம் உட்டாங்க மேடம்!" மறுபூஜைக்கு வந்திருந்த தொழிலாளர் கூட்டத்திலிருந்து குரல் வந்தது. "'நீங்க நல்லா இருக்க மாட்டீங்க'ன்னு இவியதான் கத்துனாங்க. நாங்க அத்தனை பேரும் கேட்டோம்."

பிரவின்குமார். மேனேஜரின் செல்லப்பிள்ளை. சண்முகப்ரியாவிடம் தொழில் கற்றவன். அவன் கெடுத்த வேலைக்கு அவளுக்கு மெமோ வரும். அவள் முடித்த வேலைக்கு அவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். சூப்பர்வைசர் நாற்காலி அவனுக்குத்தான் என்று கேன்டீன் டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும்.

"அக்கா, கோவம் எல்லாருக்கும் வரும். அதுக்குன்னு அடிச்சே கொன்னுபோடறதா?" என்று 'உச்' கொட்டினான்.

பெண் போலீஸின் கை சண்முகப்ரியாவின் தோளில் விழுந்தது.

அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை. பாதி ஆயுளை இந்த மனிதன் உயிரோடிருந்து தின்றான். மீதியைச் செத்துத் தின்னப்போகிறானா?

"நடங்க" என்றது அந்தக் கை.

"ஒரு நிமிஷம்!" ஃபர்சானா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான் கோட்டைமேட்டுக்காரி. உங்க பூஜை மொறை எனக்கு அத்தனை தெரியாது. இதுக்கெல்லாம் சந்தனம் வெக்கறது ஆருங்க?"

"இருக்கறதுல சீனியர் வெக்கறது வழக்கமுங்க..." என்று சண்முகப்ரியா தொடங்கினாள்.

"அது பழைய கதைங்க மேடம்!" பிரவின்குமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "மேனேஜர் சார் வந்ததுல இருந்து சந்தனக் கும்பா என்ற கைக்குத்தான் வரும். நான்தான் வெப்பேன்!"

"வேற ஆரும் தொட மாட்டாங்களா?"

"தொட உட்டுருவனுங்களா? மீதிச் சந்தனத்தோட கும்பா என்ற லாக்கர்ல பூட்டியிருக்குது. சாவி பாருங்க, அரணாக்கொடியில!"

"எப்ப வெச்சீங்க?"

"நேத்து மத்தியானமுங்க. அதுக்கப்புறம் மறுபூஜை வரைக்கும் ஆயுதத்தை ஆரும் தொடக் கூடாது."

"ரொம்ப நல்ல வழக்கமுங்க" என்றார் ஃபர்சானா.

உறை மாட்டிய விரலால் சுத்தியலைத் தடவினார். காய்ந்து வெடித்திருந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஸ்பேனரிலும் அப்படியே.

பைப் ரென்ச்சைத் தொட்டார்.

விரல் வழுக்கியது!

உறையின் நுனியில் மஞ்சளாய் ஈரம்.

"பிரவின்குமார்... நேத்து மத்தியானச் சந்தனம் இதுல மட்டும் ஏனுங்க இன்னும் காயலை?"

அவன் கை அரணாக்கொடிச் சாவியை மறைத்தது.

விடியற்காலையில் ரத்தத்தைப் பனியன் வேஸ்ட் துணியால் அவன் துடைத்தபோது சந்தனமும் சேர்ந்து போய்விட்டது. பொட்டில்லாத ஆயுதத்தைக் கலைமகள் முன் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மனிதனைக் கொல்ல மட்டும் வந்த மனம்! லாக்கரைத் திறந்து, பன்னீர் விட்டுக் குழைத்து, பக்தியோடு வைத்துவிட்டான்.

"அந்த... அந்த அக்கா கும்பாவைத் திருடியிருப்பாங்க..."

"சாவி உங்க இடுப்புலன்னு நீங்கதானுங்களே பெருமையாச் சொன்னீங்க?"

பிரவின்குமார் தரையில் உட்கார்ந்தான்.

"அந்தாளு ஏமாத்திட்டானுங்க மேடம்! காலங்காத்தால வரச் சொல்லி, 'போஸ்டு என்ற மச்சினிச்சி பையன் சாய்கிருஷ்ணாவுக்கு. உனக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னான். எனக்கே அடுத்த வருஷமா?"

"அந்த வார்த்தையை நான் எத்தனை வாட்டி கேட்டிருப்பேன் பிரவினு?" என்றாள் சண்முகப்ரியா.

"உங்களுக்குப் பழக்கமுங்கக்கா... எனக்குப் புதுசு!"

"அதுக்கு என்ற ரென்ச்சுதான் கெடைச்சுதா?"

"என்னுதுல ரத்தம் பட்டுருமேன்னு..."

"ஆமா. அழுக்கு வேலைக்கெல்லாம் என்னைத்தானே கூப்பிடுவீங்க!"

சிங்கத்தின் குகை வாசலில் நரிக்குத் தினமும் எலும்பு விழுந்ததாம். கழுதைப்புலி பட்டினி கிடந்ததாம். ஒருநாள் சிங்கத்தின் குரல்வளை கடிபட்டுக் கிடந்தது. காடே கழுதைப்புலியைச் சந்தேகித்தது. கடித்தது, ஒரே ஒரு வேளை எலும்பு தவறிய நரி!

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டது.

சண்முகப்ரியாவின் செல்போன் ஒலித்தது. முதலாளி!

"அம்மணி, எல்லாம் கேள்விப்பட்டேன். உன்ற மேல பழி உளுகாம தப்பிச்சுது. சந்தோசம்."

"நன்றிங்க சார்."

"அந்த சூப்பர்வைசர் போஸ்டு விசயம்..."

அவள் செல்போனைக் காதோடு அழுத்தினாள். போட்டிக்கு இனி யார் இருக்கிறார்கள்?

"சாய்கிருஷ்ணாவுக்குன்னு நாச்சிமுத்து நேத்தே எழுதிக் குடுத்துட்டாரு கண்ணு. செத்தவரு வார்த்தையை மீறக் கூடாது பாரு. பையனுக்கு மோட்டாரும் தெரியாது, பம்பும் தெரியாது. நீதான் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கத்துக்குடுக்கோணும்!"

லைன் துண்டிக்கப்பட்டது.

"என்னங்க சொல்றாரு உங்க முதலாளி?" ஜீப்பில் ஏறப்போன ஃபர்சானா கேட்டார்.

சண்முகப்ரியா சிரித்தாள். வேப்பங்காயைக் கடித்த சிரிப்பு.

"பிரவின் அவசரப்பட்டுட்டானுங்க மேடம். ஆளைத்தான் கொன்னுருக்கான்... சிபாரிசு இன்னும் உசுரோடதான் இருக்குது!"