மூன்று தரம் கூப்பிடும்

சேர்வரில் இரண்டு பேர் இருப்பதாகத் திரை காட்டியது. ஒருவர் சிவரூபி. மற்றவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாரும் இருக்கவே முடியாது. அந்தச் சேர்வர் அவளுடைய லப்டொப்புக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது, இணையத்தையும் அவள் காலையிலேயே துண்டித்து வைத்திருந்தாள்.

புதுக்குடியிருப்பில் ஒரு தனியார் கிளினிக்குக்காகச் செய்கிற வேலை. நோயாளியின் பெயரைத் தாதி திரையில் அடித்து ‘கூப்பிடு’ என்ற பொத்தானை அழுத்தினால், சேர்வர் அந்தப் பெயரை ஸ்பீக்கரில் கூப்பிடும். குரல் சிவரூபியுடையது. கிழமைக் கணக்கில் கதவைப் பூட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பதிவு செய்திருந்தாள். எந்தப் பெயரை அடித்தாலும் அவளே கூப்பிடுவது போலிருக்கும். காது மந்தமானவர்களும் இருப்பார்கள், தேத்தண்ணி குடிக்கப் போனவர்களும் இருப்பார்கள் என்று யோசித்து, ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிடும்படி எழுதியிருந்தாள். சின்ன வேலைதான், ஆனால் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

அவள் பாவிக்கிற ஜாவா நிரல்மொழிக் கட்டமைப்பில் திரையையும் ஜாவாவிலேயே எழுதலாம். யார் திறந்தாலும் அவரவர் திரையைச் சேர்வர் தன் நினைவில் வைத்திருக்கும்; அவர் ஓர் எழுத்து அடித்தாலும் அதற்குத் தெரியும். மூடிவிட்டுப் போனால் சற்று நேரத்தில் அவரை மறந்துவிடும். சிவரூபி தன் திரையை மூடிவிட்டுக் காத்திருந்தாள். எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றானது. அந்த ஒன்று போகவில்லை.

தன்னுடைய பிழைதான் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

மழை விட்டுப் பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. குசினி யன்னல் வழியாக ஊறிய ஓலையின் வாடையும், பாசி பிடித்த சுவரின் வாடையும், அதற்கும் அடியில் நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீரின் வாடை போல ஒன்றும் வந்துகொண்டிருந்தது; தவளைகள் ஒன்றை ஒன்று முந்திக் கத்தின, தாழ்வாரத்து ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அலுமினிய வாளியில் விழுந்து விழுந்து நிறைகிற சத்தம் அவற்றுக்கிடையில் கேட்டது. பின்வளவில் கிணறு ஒன்று இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் அதை எப்போதோ மண் போட்டுத் தூர்த்துவிட்டார்.

முள்ளியவளையில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்கா வேலிக்கு மேலால் தேங்காய் ஒன்றை நீட்டிக்கொண்டே சொன்னார்: “பொழுதுபட்டால் கிணத்தடிப் பக்கம் கூப்பிட்டுக் கேக்கும், தங்கச்சி. ஆரின்ர குரலெண்டு பிடிபடாது. மூண்டாந்தரம் கூப்பிடுமட்டும் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அதுக்கு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிட ஏலாது.”

சிவரூபி சிரித்துவிட்டுத் தேங்காயை வாங்கிக்கொண்டாள். ஆனாலும் கணவன் நிருஷனுக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். வீட்டில் அவளும் ஐந்து வயது ஆரணியும் மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பிள்ளைக்கு அதை ஒரு விளையாட்டாகப் பழக்கினாள். யார் கூப்பிட்டாலும் விரல் விட்டு எண்ண வேண்டும், மூன்றாவது விரலுக்குத்தான் பதில். அம்மாவுக்கும் அதே சட்டம். ஆரணி அதைத் தாயை விடக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டாள். சோறு ஆறுகிறது என்று கத்தினாலும் மூன்று முடியாமல் அசைய மாட்டாள்.

கரண்ட் போனது.

லப்டொப்பின் வெளிச்சம் மட்டும் மேசையில் நின்றது. முன் ஹோலில் ஆரணி இருட்டிலும் ஏதோ கீறிக்கொண்டிருக்கிற பென்சில் சத்தம் கேட்டது. சிவரூபி அந்த இன்னொருவரின் திரையைத் திறந்து பார்த்தாள். பெயர் அடிக்கிற பெட்டி வெறுமையாக இருந்தது. பிறகு அதில் ஓர் எழுத்து விழுந்தது.

ஆ.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

ர.

எழுதப் பழகுகிற ஒருவரைப் போல, தேடித் தேடி.

ணி.

‘கூப்பிடு’ பொத்தான் தானாக அமுங்கியது. குசினியிலிருந்து அவளுடைய குரல் கூப்பிட்டது. “ஆரணி.” கிளினிக்கின் நீண்ட விறாந்தையில் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க, லப்டொப்பிலிருந்தே நீள வயரில் கரண்ட் எடுக்கிற ஸ்பீக்கரை அவள்தான் குசினி யன்னலில் வைத்திருந்தாள், கிணற்றடியைப் பார்த்தபடி.

ஹோலில் பென்சில் நின்றது.

“ஒண்டு,” என்றாள் பிள்ளை மெதுவாக.

சிவரூபிக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட முடியாத ஒன்றுக்கு, மூன்றாந்தரத்தை எழுதிக் கொடுத்தது அவள். குரலையும் கொடுத்தது அவள். சேர்வரை நிறுத்தினாள். நின்றது. திரை முழுக்க வெறுமை.

“ஆரணி.”

“ரெண்டு.”

வாயைத் திறக்கப் போய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது கூப்பிட்டால் அதையும் பிள்ளை எண்ணுவாள். மூன்றாகி, ஓம் என்றுவிடுவாள். சத்தம் போடாமல் குசினிக்கு ஓடினாள். ஸ்பீக்கரைப் பிடித்தாள். வயரைப் பிடுங்கினாள். சின்னச் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. அது அவள் கையில் வெறும் பெட்டியாக இருந்தது.

“ஆரணி.”

வெளியிலிருந்து.

“ஓம் அம்மா, வாறன்.”

முன்கதவு திறந்தது. ஈர மண்ணில் சின்னக் கால்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடின. சிவரூபி குசினிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். மழையில் ஊதிப்போன கதவு. அசையவில்லை. யன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தினாள். “ஆரணி! அம்மா இஞ்ச நிக்கிறன்!”

பிள்ளை நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தாயைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள்.

“நீங்கள் ஒருக்காத்தான் கூப்பிட்டனீங்கள்.”

கோபமில்லை. சட்டம் சட்டம்தான்.

சிவரூபி இரண்டாந்தரம் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. தொண்டை வேலை செய்தது, நாக்கு வேலை செய்தது, சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கிணற்றடியில் கேட்டது.

“வாங்கோ, குஞ்சு.”

அவள் ஒருபோதும் பதிவு செய்யாத சொற்கள். அவளுடைய குரல்.

ஆரணி வலது கையை மேலே தூக்கினாள், தாயின் கையைப் பிடிக்கிற உயரத்துக்கு. விரல்கள் எதையோ பற்றி மூடிக்கொண்டன. பிள்ளையின் நடைக்கு ஏற்றாற்போல் இன்னொருவரும் மெல்ல நடப்பது போல, அவள் இருட்டுக்குள் போனாள்.

தூர்த்து மூடிய கிணற்றுக்குள், வெகு ஆழத்தில், வாளி ஒன்று தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டது.