அடைத்த வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

பிள்ளைகள் எல்லோரும் போன பிறகும் வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து கிடந்தது.

சந்திரவதனா வரவுப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். இருபத்துமூன்று பெயர்கள். இருபத்திரண்டுக்கு நேரே, வந்து கூட்டிப்போன பெற்றோரின் கையெழுத்து இருந்தது. மிச்சம் ஒரு பெயர் தக்ஷிகா, அவளுடைய மகள். அவள் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, காலில் சிவப்புச் சப்பாத்தோடு பக்கத்திலேயே நிற்கிறாள். அப்படியென்றால் இது யாருடையது? கறுப்புத் தோல், கணுக்காலுக்கு மேல் ஏறும் கயிறு, ஆறு வயதுப் பிள்ளையின் அளவு. இந்தக் காலத்தில் லண்டன் லூயிஷாமில் எந்தத் தாய் இப்படியொன்றை வாங்குவாள்?

“யாராவது மாத்திப் போட்டுட்டுப் போயிருப்பாங்க டீச்சர்,” என்றார் கடைசியாக நின்ற தகப்பன் ராம்கி, தன் மகனுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டே. “வாட்ஸ்அப்ல கேட்டுக்கலாம்.”

“ஓம், நீங்கள் போங்கோ. நான் ஒருக்கா மேல பார்த்திட்டுப் பூட்டுறன்.”

பார்க்காமல் போக முடியாது. போன மாதம் ஒரு பிள்ளை கழிவறையில் இருக்கும்போதே கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போனவள் அவள்தான். அந்தப் பிள்ளை அழுது சிவந்த முகத்தோடு வெளியே வந்தபோதுகூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட், பகலில் வீடு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று ஓடி ஓடி, ஒரு வருடமாகவே எதுவும் அவளுக்கு உறைப்பதில்லை. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட அலுப்பாக இருந்தது.

நூறு வருடம் தாண்டிய ஆங்கிலப் பள்ளிக்கூடம் அது. சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ப் பள்ளிக்கு வாடகைக்கு. செங்கல்லில் மூன்று மாடி. பிள்ளைகளுக்கு வானம் தெரியலாம், தெரு தெரியக்கூடாது என்று ஆளுயரத்துக்கு மேலே வைத்த ஜன்னல்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வாசல்கள், மேலே கல்லில் வெட்டிய எழுத்து: பெண்கள், ஆண்கள். உள்ளே இரண்டு படிக்கட்டுகள் பின்னல் போல ஒன்றையொன்று சுற்றி ஏறின. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஏறுகிறவர் அந்தப் பக்கம் ஏறுகிறவரைக் காணவே முடியாது. ஆண்கள் வாசலையும் படியையும் எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று வாணி விழா. சரஸ்வதி படத்துக்கு முன்னால் சப்பாத்தோடு போகலாமா? மழை வேறு. அடைத்த வாசலுக்கு முன்னால் நனையாத இடம் இருந்ததால், பிள்ளைகள் வந்தபோது சப்பாத்துகளை அங்கே வரிசையாக வைக்கச் சொன்னாள். பிறகு அந்தச் செங்கல் சுவரைப் பார்த்தபடி நின்று, கடைசிப் பிள்ளைக்கும் கேட்கும்படி மூன்று நான்கு தடவை சத்தமாகச் சொன்னாள்: “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!”

“அம்மா, குளிருது,” என்றாள் தக்ஷிகா. இருமினாள். காலையிலிருந்தே அந்தச் சின்ன வறட்டு இருமல்.

“ரெண்டு நிமிசம் செல்லம். இதிலையே நில்லு. அசையக்கூடாது.”

படம் இன்னும் மேலே இருந்ததால், பெண்கள் வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பை அவள் போடவில்லை. வெறுங்காலோடு ஏறினாள். சுவரில் தோள் உயரம்வரை பச்சை மினுக்குக் கல், அதற்கு மேல் வெள்ளை. மெழுகு வாசமும் ஈரக் கோட்டு வாசமும், அதற்குள் அவல் கடலையின் இனிப்பு வாசமும் கலந்து வந்தன. ஆறு மணிகூட ஆகவில்லை, ஆனாலும் அக்டோபர் வெளிச்சம் ஜன்னலின் உச்சியில் மட்டும் தொங்கியது. கல்லின் குளிர் முதலில் விரல்களை மரக்கச் செய்தது, பிறகு பாதத்தை.

மண்டபத்தில் ஒருவரும் இல்லை. அதைச் சுற்றியிருந்த கண்ணாடி வகுப்பறைகளிலும் இல்லை. கழிவறைக் கதவுகள் ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் மாடியும் வெறுமை.

இறங்கும்போதுதான் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பாதங்கள் கல்லில் படும் சத்தம். தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று நின்றாள். சத்தமும் நின்றது. ஒரு படி இறங்கினாள். அங்கே ஒரு பாதம் ஒரு படி ஏறியது. ஒன்றல்ல. பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் பல, மணி அடித்ததும் வரிசையில் போகும் பிள்ளைகள் மாதிரி, தள்ளுமுள்ளு இல்லாமல், பேச்சில்லாமல். முழங்கால் உயரத்தில் கேட்டது. இடுப்பு உயரத்தில். காதருகில்.

பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. கணுக்கால்வரை மரத்திருந்தது, அவ்வளவுதான்.

வரிசையின் கடைசியில் யாரோ இருமினார்கள்.

சின்ன வறட்டு இருமல்.

ஓடினாள். படி காலுக்குத் தெரியவில்லை. விழுந்தாள். எழுந்தாள். கதவு. மழை. வாசல்.

“தக்ஷி!”

ஒருவரும் இல்லை. கறுப்புச் சப்பாத்தும் இல்லை. அது கிடந்த இடத்தில் சிவப்புச் சப்பாத்து. பட்டியைக் கழற்றி, குதியைச் சேர்த்து, பிள்ளைக்கு அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒழுங்காக. நுனி சுவரைப் பார்த்தபடி.

சப்பாத்துக்குள்ளே கையை விட்டாள். சூடு இருந்தது.

செங்கல்லைத் தடவினாள். இடைவெளி இல்லை. கீறல்கூட இல்லை. சுவருக்குள்ளே, மேலே, இருமல். இன்னும் ஒரு மாடி மேலே.

செங்கல்லை இரண்டு கையாலும் அடித்தாள். குனிந்து பார்த்தாள்.

மற்ற வாசலில் கழற்றி விட்டிருந்த அவளுடைய செருப்பு, சிவப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் நுனியும் சுவரைப் பார்த்தபடி.