ஞாயிற்றுக்கிழமை பதிவாகாத வட்டிலப்பம்

"பெட்டியில ஒரு தடவை அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமாம்மா?"

சம்சு பாய் கடைக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே இதைத்தான் கேட்டார். சிவகாசியில் காலண்டர் கம்பெனி நடத்துகிறவர். ஆடி பிறந்துவிட்டால் ஆர்டர், பேப்பர் லோடு, மை என்று சோறு தண்ணீர் மறந்து அலைகிற மனிதர். அப்படிப்பட்டவர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிஷ் கடையில் வந்து நிற்கிறார் என்றால் விஷயம் லேசானதாக இருக்காது என்று உக்கிரபாண்டிக்குத் தோன்றியது. கையிலிருந்த கேபிளைக் கீழே போட்டுவிட்டு நெருங்கி வந்து நின்றுகொண்டான்.

கடை அவனுடைய மதினி வள்ளித்தாயுடையது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மொட்டை மாடியில் ஏறி டிஷ் மாட்டுவது உக்கிரபாண்டியின் வேலை. மாட்டியது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெட்டிக்குள் இருக்கிற கோளாறு மட்டுமல்ல, பெட்டியைச் சுற்றியிருக்கிற மனிதர்களின் கோளாறும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று இரண்டு வருடமாக ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் பாதி தனக்குச் சேரவேண்டியது என்பது உக்கிரபாண்டியின் நினைப்பு. ஊர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன அழிஞ்சுச்சு பாய்? உக்காந்து சொல்லுங்க" என்றாள் வள்ளித்தாய்.

"எங்க வீட்ல மே மாசம் விருதுநகர்ல ஒரு சமையல் போட்டியில ஜெயிச்சால்ல, இனிப்புக்கு வட்டிலப்பம் செஞ்சு? அதை வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் போடுறோம்னு போன வாரம் சேனல்காரங்க போன் பண்ணாங்க. அதே நேரம் மல்லாங்கிணறுல எங்க அண்ணன் மகளுக்கு நிக்காஹ். போகாம இருக்க முடியுமா? அதுக்காகவே பதிவு பண்ற பெட்டி வாங்கி, வியாழக்கிழமை உங்க கொழுந்தனாரு வந்து மாட்டிட்டும் போனாரு. நிக்காஹ் முடிஞ்சு சொந்தக்காரங்க பத்துப் பதினஞ்சு பேரை வீட்டுக்குக் கூட்டியாந்து, வரிசையா உக்கார வச்சு, பெட்டியைப் போட்டா எவனோ ஒருத்தன் ராசிக்கல் விக்கிறான்."

உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு முட்டியது. வள்ளித்தாயின் பார்வை பட்டதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"வீட்டுல இருந்தது மருமக பெனாசிரு மட்டுந்தான். காய்ச்சல்னு வரலை. பெட்டியை நோண்டி நீதான் அழிச்சிட்டேன்னு இவ அம்புட்டுப் பேர் முன்னாடியும் கேட்டுட்டா. அந்தப் புள்ள ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு, நான் தொடலைன்னு. அதைப் பெத்த அத்தாவுக்குப் போனும் பண்ணிருச்சு. ரெண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறாராம். கல்யாணமாகி நாலு மாசம். மகன் தவுபிக் ஆர்டர் பிடிக்கப் பெங்களூரு போயிருக்கான். அவன் வந்து கேட்டா நான் என்னம்மா பதில் சொல்ல?"

"அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியாது பாய். அழிச்சாங்களான்னு வேணா பாக்கலாம்" என்று வள்ளித்தாய் எழுந்தாள்.

பாயின் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு எதிர்ச் சுவரில் மூன்று காலண்டர்கள் மை வாசனை மாறாமல் தொங்கின. மேலே ஆளுயரத்துக்கு அருவியும் ரோஜாத் தோட்டமும் படகுமாகப் படம். கீழே பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் அடக்கம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் எல்லாக் கம்பெனியும் அடுத்த வருடத்து மாடலை வெளியிடுவது வழக்கம். பாயும் அன்றைக்கே தம் மாடல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். கூடத்தில் காலையும் மாலையும் வெளிச்சம் எப்படி விழுகிறது, கலர் எடுக்கிறதா என்று பார்ப்பாராம்.

"அந்த ரோஜாப்பூ போட்டது ஒண்ணு நமக்கு எடுத்து வைங்க பாய்" என்றான் உக்கிரபாண்டி. எந்த வீட்டில் எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்ற விவஸ்தை அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு. வள்ளித்தாயும் அந்தச் சுவரைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள். அருவிப் படம் மதினிக்குப் பிடித்துவிட்டது போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பாயின் மனைவி மெகருன்னிசா முகம் கொடுத்துப் பேசவில்லை. "பெட்டியைப் பாருங்க. எல்லாம் அதுலயே இருக்கு" என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அழுது வீங்கிய கண்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை டி.வி.யில் வந்து, அதையும் பார்க்கக் கொடுத்து வைக்காத மனுஷி. அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று உக்கிரபாண்டிக்குப் பாவமாக இருந்தது.

ரிமோட்டை வாங்கி வள்ளித்தாய் பதிவுகளின் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது. எட்டாம் தேதி, பதினொரு மணியிலிருந்து பதினொன்றரை வரை. போட்டுப் பார்த்தால் ஒருவர் பத்து விரலிலும் மோதிரத்தோடு, மகர ராசிக்காரர்களே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உக்கிரபாண்டிக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்கு எப்போதுமே உடனே விளங்கிவிடும். மதினியைச் சமையலறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"நேத்து ஞாயிறு தேதி ஒம்பது. இது எட்டு, சனிக்கிழமை. அந்தப் புள்ள சனிக்கிழமை டி.வி. பாக்கும்போது தெரியாம சிவப்புப் பட்டனை அமுக்கியிருக்கு. ராசிக்கல் பதிவாயிருச்சு. பயந்துபோயி எதையோ அமுக்கி, பாய் போட்டு வச்சிருந்ததை அழிச்சிருச்சு. அம்புட்டுத்தான் மதினி."

"தெரியாம அமுக்குற கை, பதினோரு மணி அடிச்சதும் அமுக்கி, பதினொன்றரை அடிச்சதும் நிப்பாட்டுமா பாண்டி? அதுவும் அதே சேனல்ல?"

"அப்ப பெட்டியோட கடிகாரம் ஒரு நாள் பிந்தி ஓடுதோ?" என்று உக்கிரபாண்டி அடுத்ததை எடுத்துவிட்டான்.

"பெட்டிக்கு மணியும் தேதியும் மேலேருந்து, சாட்டிலைட்லேருந்து வருது. அது நம்ம வீட்டுக் கடிகாரம் மாதிரி சாவி குடுத்து ஓடுறதில்ல. இப்பவும் பாரு, தேதி பத்துன்னு சரியாத்தான் காட்டுது."

பெனாசிர் பின்கட்டு அறையில் இருந்தாள். கட்டிலில் துணிப்பை தயாராக இருந்தது. காய்ச்சல் இன்னும் முழுக்க விடவில்லை. ஆனாலும் இவர்களைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ரிமோட்டைத் தொடலைக்கா. நேத்து டி.வி. சுவிட்சை மட்டுந்தான் போட்டேன். அதே சேனல்லதான் இருந்துச்சு."

"நேத்துக் கரண்ட் போச்சாம்மா?"

"போகலை. மாமி வந்ததை முழுசாப் பாத்தேன்."

"அப்ப பெட்டியில, பதிவு ஓடுறப்ப வர்ற சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

பெனாசிர் யோசித்தாள். "நேத்து எரியலை. முந்தாநாத்து எரிஞ்சுச்சு. நான் கூடத்தைக் கூட்டிக்கிட்டிருந்தேன், தானா எரிஞ்சு கொஞ்ச நேரத்துல அணைஞ்சுருச்சு. புதுப் பெட்டி, அப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன்."

"மாமி வந்ததைக் கடைசி வரைக்கும் பாத்தியா?"

அதுவரை நேராகப் பார்த்துப் பேசிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்தேன்" என்றாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று உக்கிரபாண்டியின் மனசு மறுபடி குதித்தது. வள்ளித்தாயோ அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "கூடத்துக்கு வா தாயி" என்று அழைத்துக்கொண்டு போனாள்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மாமனார், மாமியார், மருமகள் மூவரும் கூடத்தில் மூன்று மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வள்ளித்தாய் ரிமோட்டைப் பாயின் கையில் கொடுத்தாள்.

"வியாழக்கிழமை எப்படி நேரம் குறிச்சீக பாய்? யாரு எங்கன இருந்தீக, என்ன பேசுனீக, அப்படியே செஞ்சு காட்டுங்க."

"உங்க கொழுந்தனாரு சொல்லிக் குடுத்தபடிதான். அந்தச் சேனலுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் வரலை. அதனால தேதியும் நேரமும் நாமளே அடிக்கணும்னாரு." பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டி.வி. பக்கம் குனிந்தார். "நான் இங்கன நின்னேன். மொதல்ல தேதி கேட்டுச்சு. சேனல்காரங்க ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னாங்க. அதனால நான் திரும்பாமயே, ஞாயிறு என்ன தேதின்னு இவகிட்டக் கேட்டேன். எட்டுன்னா. எட்டு அடிச்சேன். பெறகு பதினொண்ணு, பதினொன்றரை."

"அக்கா, நீங்க எதைப் பாத்து எட்டுன்னு சொன்னீக?"

"காலண்டரைப் பாத்துத்தான். வேற எதைப் பாத்துச் சொல்லுவாக?" என்ற மெகருன்னிசா எதிர்ச்சுவரைக் கைநீட்டிக் காட்டினார். "ஆகஸ்ட்டு, சிவப்பு எழுத்து, ஒண்ணு, எட்டு, பதினஞ்சு..."

நீட்டிய கை அப்படியே நின்றது. பாய் மெல்லத் திரும்பினார். மூன்று காலண்டரின் நெற்றியிலும் 2010 என்று தங்க நிறத்தில் மின்னியது. இந்த வருடத்துக் காலண்டர் என்று அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஊரெல்லாம் 2009 ஆகஸ்டில் இருக்க, அந்தக் கூடம் மட்டும் ஆடிப்பெருக்கிலிருந்து அடுத்த வருடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த வருசம் ஆகஸ்ட்டு எட்டு ஞாயிறு. இந்த வருசம் அது சனி" என்றாள் வள்ளித்தாய் நிதானமாக. "எட்டுன்னு அடிச்சீக, பெட்டியும் சொன்ன பேச்சுக் கேட்டு எட்டாம் தேதி பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டு, அந்தச் சேனல்ல வந்த ராசிக்கல்லைப் பிடிச்சு, பதினொன்றரைக்கு நிப்பாட்டிருச்சு. விளக்கு எரிஞ்சதைப் பெனாசிரே பாத்திருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுமே குறிக்கலை, அதான் நேத்து விளக்கு எரியலை. இங்கன யாரும் எதையும் அழிக்கலை. அழிக்கிறதுக்கு எதுவும் பதிவாகவே இல்லை."

முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்துக் கொடுக்கிற சம்சு பாய், ரிமோட்டோடு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். உக்கிரபாண்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை அதே சுவருக்குக் கீழே நின்று பாடம் நடத்தியவன் அவன். இன்றைக்கு அதில் ஒன்றை இலவசமாகவும் கேட்டிருந்தான். எதைப் பார்த்தான், அவனுக்கே தெரியவில்லை.

மெகருன்னிசா மருமகளின் பக்கம் திரும்ப முடியாமல் தரையையே பார்த்திருந்தார். அத்தனை பேர் முன்னால் விட்ட வார்த்தை. அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னொரு கேள்வி இருக்கு" என்றாள் வள்ளித்தாய். "அது பெட்டி சம்பந்தமில்லை. பெனாசிரு, கடைசி வரைக்கும் பாத்தியான்னு கேட்டப்ப ஏன் தாயி தலையைக் குனிஞ்ச? இந்த வீட்டுல அதைப் பாத்த ஒரே ஆளு நீதான். உங்க மாமிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

பெனாசிர் மாமியாரைப் பார்த்தே சொன்னாள்:

"பச்சைச் சேலை நல்லா எடுத்துச்சு மாமி. தேங்காப்பால் பிழியும்போது கை நடுங்குச்சு, பெறகு சரியாயிருச்சு. கருப்பட்டி ஊத்துறப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. கடைசியா அந்த மைக் பிடிச்ச பொண்ணு, வீட்டுல செஞ்சா முதக் கிண்ணம் யாருக்குக் குடுப்பீங்கன்னு கேட்டுச்சு."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மெகருன்னிசா. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. விளக்கு வெளிச்சத்தில் நின்று மூன்று மாதத்துக்கு முன் சொன்னது.

"எங்க வீட்டுக்குப் பெனாசிருன்னு ஒரு புள்ள வந்திருக்கு, அது பேச்சுச் சத்தம் கேக்க ஆரம்பிச்ச பெறகுதான் வீடு வீடா இருக்கு, முதக் கிண்ணம் அதுக்குத்தான்னு சொன்னீக. எங்கிட்ட ஒரு நாளும் நீங்க அப்படிச் சொன்னதில்ல. ஒத்தையில உக்காந்து அழுதுட்டேன் மாமி. நீங்க வந்ததும் சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன். வந்து உக்காந்ததும் நீதான் அழிச்சேன்னுட்டீக." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதைப் போயி நான் அழிப்பேனா?"

வள்ளித்தாய் கண்ணைக் காட்ட, உக்கிரபாண்டி சத்தமில்லாமல் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டான்.

மெகருன்னிசா எழுந்து போய் மருமகளின் அருகில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னது நெசந்தான்டி" என்றார். "நேத்து வந்திருந்தவக ஒருத்தர் விடாம இன்னைக்கே நானே போன் போட்டு, தப்பு எம்பேர்லன்னு சொல்லுறேன்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார்.

"ஏன் அப்படியே உக்காந்திருக்கீக? ரெண்டு மணிக்குச் சம்பந்தி வந்துருவாரு. ஒரு கிலோ கறி வாங்கிட்டு வாங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்த மனுசன் தனியாத் திரும்பணும். வயிறாவது நெறஞ்சு போகட்டும்."